கேமராவுக்கு ஒரு பொட்டு

ஆகஸ்ட் 12, செவ்வாய்

புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு விரல்நுனிகள் மரத்தே இருக்கின்றன. பழைய மடக்குக் கேமராவில் எடுத்த மூன்று ரோல்களிலும் வெள்ளைக் கீற்று விழுந்ததும், நான் சரியாக மாட்டாததால்தான் வெளிச்சம் புகுந்திருக்கிறது, பிலிம் மாட்ட இனி எனக்கு வராது என்று முடிவுகட்டிவிட்டேன். கேமராவை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று இன்று சொன்னபோது, வீட்டு வேலைக்கு வரும் செல்வி விடவில்லை.

“எங்க வூட்டுக் கூரை ஓட்டையை இருட்டுலதான் கண்டுபுடிப்போம்.”

காலிக் கேமராவைப் பூஜையறைக்குக் கொண்டுபோய், விளக்கை அணைத்து, உள்ளே டார்ச் அடித்தாள். லென்ஸையும் பெட்டியையும் இணைக்கும் கறுப்புத் துருத்தியின் மடிப்பில் ஒரு புள்ளி மின்னியது.

“பாருக்கா, ஓட்டை இங்க கீது. நீ இன்னாடான்னா உன் வெரலைத் திட்டிக்கினு கீற!”

கண்ணாடியில் நான் ஒட்டிவைத்திருந்த கறுப்பு வெல்வெட் பொட்டை எடுத்துவந்து நீட்டினாள். “நீயே ஒட்டு.”

ஒட்டினேன். மறுபடி டார்ச் அடித்தோம். முழு இருட்டு. எனக்குக் கண் கலங்கியது அவளுக்குத் தெரிந்திருக்காது.

நாளை பிலிமை நானே மாட்டுவேன். முதல் படம் செல்விதான்.