சனிக்கிழமை மூச்சு

3.6.1968 திங்கள்

காலை ஷிப்டில் நாலு பேர் தாமதம். நாலு பேருமே பஸ்ஸின் மேல் பழியைப் போட்டார்கள். பதினோரு வருடமாக இந்த மில் வாசலில் டைம்கீப்பராக உட்கார்ந்திருக்கிறேன். பஸ்ஸைத் தவிர வேறு யாரும் தப்பு செய்து நான் கேட்டதில்லை.

பத்து மணிக்கு முதலாளி பொன்னுச்சாமி அண்ணாச்சி கூப்பிட்டு அனுப்பினார். மெட்ராஸிலிருந்து ஒரு டாக்டரம்மா வருகிறாராம். பஞ்சுத் தூசியால் நுரையீரல் கெடுகிறதா என்று ஆராய்ச்சி. மில்காரர்கள் சங்கமே செலவை ஏற்றுக்கொண்டு நாலு மில்களைக் காட்டியிருக்கிறது. அதில் நம் மில்லும் ஒன்று. தங்க இடம், சாப்பாடு, தொழிலாளிகளின் நேரம் எல்லாம் அண்ணாச்சி பொறுப்பு.

"கேள்வி கேட்டு எழுத ஒரு ஆளு வேணுமாம். ஒன்னயச் சொல்லிட்டேன் தனுஷ்கோடி. ஒன் தொண்டைதான் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேக்கும்" என்றார்.

பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். வீட்டில் கஸ்தூரியிடம் சொன்னேன். "அப்ப வீட்டுல இருக்கும்போது அந்தத் தொண்டைக்குக் கொஞ்சம் லீவு குடுங்க" என்றாள்.

10.6.68 திங்கள்

டாக்டரம்மா பெயர் கோகிலாம்பாள். முப்பது வயதுகூட இருக்காது. திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் நம் மில்லுக்கு. மற்ற நாட்கள் மற்ற மில்களுக்கு.

கூடவே ஒரு பெரிய பெட்டி. மூச்சை நன்றாக இழுத்து அதிலுள்ள குழாயில் ஊதினால் ஊசி ஏறும். எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு நுரையீரலுக்குப் பலம். நம் ஆட்கள் அதைப் போட்டியாக்கிவிட்டார்கள். பஞ்சைச் சிக்கெடுத்துச் சீவும் கார்டிங் பிரிவில் வேலை பார்க்கும் சோலைச்சாமி பெரிய சடுகுடு ஆட்டக்காரன். அவன் ஊதியதும் கைதட்டல், விசில். டாக்டரம்மாவும் சிரித்துவிட்டார்.

மொத்தம் இருபத்திரண்டு கேள்விகள். ஒன்பதாவது: 'திங்கட்கிழமை வேலைக்கு வந்ததும் நெஞ்சு இறுக்கமாக இருக்கிறதா?' ஏன் திங்கட்கிழமை என்று நான் கேட்கவில்லை. படித்தவர்கள் எழுதினால் அதில் ஒரு காரணம் இருக்கும்.

"ஆம், இல்லை, ரெண்டுல ஒண்ணு எழுதுங்க. கதை வேண்டாம் சார்" என்றார். என்னை சார் என்று கூப்பிட்ட முதல் டாக்டர்.

14.6.68 வெள்ளி

மில் லீவு. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். வேறு சாதனை இல்லை.

15.6.68 சனி

அழகுத்தாய் இன்றும் வரவில்லை. புளோரூமில் பஞ்சுப் பொதியைப் பிரித்துப் போடுகிறவள், பாலவனத்தத்துக்காரி. வாரம் முழுக்க ஒழுங்காக வருவாள், சனிக்கிழமை என்றால் ஆளைக் காணோம். இரண்டாவது மெமோ எழுதினேன். மூன்றாவது மெமோ போனால் வேலை போய்விடும். புருசன் இல்லாதவள், இரண்டு பெண் பிள்ளைகள் வேறு. தெரிந்தும் இப்படிச் செய்கிறாளே.

17.6.68 திங்கள்

மெமோவைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். "மேலுக்கு முடியலய்யா" என்றாள்.

"அதென்ன, வெள்ளிக்கிழமை லீவு முடிஞ்சதும் சனிக்கிழமைதான் மேலுக்கு முடியாமப் போகுமா?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவள் மெமோவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

நல்ல கேள்விதான் கேட்டேன்.

25.6.68 செவ்வாய்

முடிந்தது. நூற்று நாற்பத்திரண்டு பேர். ஒன்பதாவது கேள்விக்கு நூற்று நாற்பத்திரண்டு 'இல்லை'. சோலைச்சாமி மட்டும் ஒரு பதிலோடு நிற்காமல், "திங்கக்கெழம என்னய்யா, அதுக்குள்ளதான் சரியாப் போயிருமே" என்று இழுத்தான். கதை வேண்டாம் என்று அதட்டி 'இல்லை' போட்டேன். கை வலிக்கிறது. ஆனால் கையெழுத்து அச்சுப் போல இருக்கிறது என்று டாக்டரம்மாவே சொன்னார்.

22.7.68 திங்கள்

மில்லில் இன்று திருவிழாதான்! மற்ற மூன்று மில்களிலும் புளோரூம், கார்டிங் ஆட்களில் நாலில் ஒருவருக்குத் தூசி நோய் இருக்கிறதாம். நம் மில்லில் ஒருவருக்குக்கூட இல்லை. டாக்டரம்மா தலையைப் பிய்த்துக்கொண்டார். அதே பஞ்சு, அதே தூசி, இங்கே மட்டும் ஏன் இல்லை?

கடைசியில் காரணம் கண்டுபிடித்துவிட்டார். ஷிப்டு முடிந்து போகும்போது தூசிக்கு நல்லது என்று ஆளுக்கு ஒரு துண்டு கருப்பட்டி கொடுப்பது நம் மில்லில் மட்டும்தான். அண்ணாச்சியின் அப்பா காலத்துப் பழக்கம். கருப்பட்டி நுரையீரலைக் காக்கிறதா என்று தனியாக ஆராய வேண்டும் என அறிக்கையில் எழுதப்போகிறாராம்.

அண்ணாச்சிக்குக் கால் தரையில் இல்லை. "பாத்தியா டைம்கீப்பரு! நம்ம கருப்பட்டி மெட்ராஸு வரைக்கும் போவுது!" உடனே பெயிண்டரைக் கூப்பிட்டு, 'நோயில்லா மில்' என்று வாசலில் போர்டு வைக்கச் சொல்லிவிட்டார். எனக்கும் ஒரு முழு வட்டு கருப்பட்டி கிடைத்தது.

10.8.68 சனி

இரண்டாவது மெமோவுக்குப் பிறகு சனிக்கிழமையும் எப்படியோ வந்துகொண்டிருந்த அழகுத்தாய் இன்று வரவில்லை. மூன்றாவது மெமோ எழுத உட்கார்ந்தேன். வராத தேதிகளைக் குறிப்பிட வேண்டுமே என்று ஆறு மாத வருகைப் பதிவேட்டை எடுத்தேன். எல்லாமே சனி. சரி, இது தெரிந்ததுதான். சும்மா அவளுக்குக் கீழே இருந்த பெயரைப் பார்த்தேன். அவனும் சனி. அடுத்தவளும் சனி. புளோரூம், கார்டிங் இரண்டிலும் ஆட்கள் வராத நாட்களில் முக்கால்வாசி சனி. நூல் சுற்றும் ரீலிங் பிரிவில் அப்படி இல்லவே இல்லை.

லீவுக்கு மறுநாள்.

மற்ற மூன்று மில்லுக்கும் ஞாயிறு லீவு. கரண்ட் தட்டுப்பாட்டுக்காக லீவு நாளைப் பிரித்துக் கொடுத்தபோது நமக்கு மட்டும் வெள்ளி விழுந்தது. அவர்களுக்குத் திங்கள் என்றால் நமக்குச் சனி! அடப்பாவி, தனுஷ்கோடி! தெனமும் லீவுக் கணக்கு எழுதுறவன் நீ, ஒனக்குமா தெரியல? நூத்தி நாப்பத்திரண்டு தடவ வாய் கிழியத் திங்கக்கெழம, திங்கக்கெழமன்னு கேட்டியே! அந்தப் பொம்பளயப் பத்துப் பேரு முன்னால வச்சுக் கேலி பண்ணினியே!

மெமோவை எழுதவில்லை.

11.8.68 ஞாயிறு

சோலைச்சாமியைத் தனியாகக் கூப்பிட்டு, சனிக்கிழமை எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"சனிக்கெழமயா? நெஞ்சுல கல்ல வச்ச மாதிரி இருக்கும்ணே. ஞாயித்துக்கெழம பாதி போயிரும். திங்கக்கெழம சுத்தமா இருக்காது. புளோரூமுல எல்லாருக்கும் அப்படித்தான்."

"அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானல?"

"நீங்கதான் கதை பேசாதன்னு சொன்னீக."

12.8.68 திங்கள்

அறிக்கை வேலையாக வந்திருந்த டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டேன். முதலில் புரியவில்லை. பதிவேட்டை விரித்து வைத்ததும் முகம் சிவந்தது. பிறகு நெற்றியில் அடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார், கண்ணில் தண்ணீர் வரும் வரை. "நான் கருப்பட்டின்னு எழுதி வெளிநாட்டுக்கு அனுப்ப இருந்தேன் சார்! லீவு வெள்ளிக்கிழமைன்னு ஏன் ஒருத்தரும் சொல்லலை?"

"நீங்க கேக்கலையேம்மா."

"ஆமாம். இருபத்திரண்டு கேள்வியில அது இல்லை."

லீவு கழிந்து முதல் நாள் தூசிக்குள் போகும்போது நெஞ்சு இறுகுவதுதான் இந்த நோயின் அடையாளமாம். கவனிக்காமல் விட்டால் வருடம் போகப் போக எல்லா நாளும் இறுகுமாம். சனிக்கிழமை காலையும் மாலையும் திரும்ப ஊதிப் பார்க்க வேண்டும். அதற்கு அண்ணாச்சி சம்மதிக்க வேண்டும். என்னைப் பார்த்தார். தொண்டை பெரிதாக இருந்தால் இப்படித்தான்.

13.8.68 செவ்வாய்

சொன்னேன். கேட்டார். அண்ணாச்சி வெடித்தார்.

"எடம் குடுத்து, சோறு போட்டு, நானே நோயை வெத்தல பாக்கு வச்சு அழைக்கவா? இல்லைன்னு வந்தாச்சுல்ல, விட்ருவியா!"

"இல்லைன்னு வரலண்ணாச்சி. நான் தப்பாக் கேட்டுட்டேன்."

"அந்த அழகுத்தா மெமோ என்னாச்சு?"

"இன்னும் எழுதல."

"வார சனிக்கெழம நானே புளோரூமுல வந்து உக்காரேன். எவனுக்கு மூச்சு முட்டுதுன்னு பாக்கேன். ஒண்ணும் இல்லைன்னா அவளுக்கும் மெமோ, ஒனக்கும் மெமோ."

பயமாகத்தான் இருக்கிறது. கஸ்தூரி, "மெமோ வந்தா வரட்டும், மொதல்ல சாப்பிடுங்க" என்று இரண்டு தோசை கூடுதலாகப் போட்டாள். சாப்பிட்டேன்.

17.8.68 சனி

ஏழு மணிக்கே அண்ணாச்சி வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, மூக்கைச் சுற்றித் துண்டு. ஒரு ஸ்டூலைப் போட்டு புளோரூம் நடுவில் உட்கார்ந்தார். அழகுத்தாயும் வந்திருந்தாள். வரவில்லை என்றால் வேலை இல்லை என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். நான்தான் சொல்லியனுப்பினேன். அதுவும் பாவம்தான்.

எட்டு மணி வரை ஒன்றும் இல்லை. அண்ணாச்சி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். ஒன்பதரைக்கு அழகுத்தாய் பொதியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பத்து மணிக்கு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வாய் திறந்திருந்தது, தோள் இரண்டும் ஏறி இறங்கின.

அண்ணாச்சி எழுந்து பக்கத்தில் போனார். "என்னம்மா செய்யுது?"

அவள் கையைத் தூக்கி, கொஞ்சம் பொறுங்கள் என்று காட்டினாள். முதலாளி காத்துக்கொண்டு நின்றார். இந்த மில்லில் அவர் ஒரு பதிலுக்காக நின்று நான் பார்த்ததில்லை. ரொம்ப நேரம் கழித்து, துண்டு துண்டாகச் சொன்னாள். "ஒண்ணுமில்ல... மொதலாளி. திங்கக்கெழமக்குள்ள... சரியாப் போயிரும்."

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெளியே வந்தார். அங்கே, மூன்று வாரம் இழுத்தடித்துவிட்டு வந்து போர்டில் 'நோயில்லா' வரை எழுதி முடித்திருந்த பெயிண்டர், அடுத்த வார்த்தைக்குத் தூரிகையை நனைத்துக்கொண்டிருந்தான்.

"நிறுத்துலே" என்றார். பிறகு என்னிடம், "அந்த டாக்டரம்மாவச் சனிக்கெழம வரச் சொல்லு. எத்தன சனிக்கெழம வேணுமோ வரட்டும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

24.8.68 சனி

புளோரூமும் கார்டிங்கும் சேர்த்து முப்பத்தெட்டு பேரில் பதினோரு பேருக்கு 'ஆம்'. சோலைச்சாமி காலையில் ஊதியதைவிடச் சாயங்காலம் ஊதியபோது ஊசி நன்றாகவே இறங்கிவிட்டது. பெட்டி சரியில்லை என்று சண்டைக்குப் போனான்.

அண்ணாச்சியும் ஊதினார். ஊசி நன்றாக ஏறியது. ஆபீஸ் அறையில் உட்கார்ந்திருப்பதால்தான் என்றார் டாக்டரம்மா. அண்ணாச்சி குழாயைக் கீழே வைத்துவிட்டுப் புளோரூம் பக்கம் நடந்தார்.

9.11.68 சனி

மழை. கரிசல் மண் செருப்போடு காலைப் பிடித்து இழுக்கிறது. அப்படியும் அண்ணாச்சி சங்கத்துக் கூட்டத்துக்கு மதுரை போய்வந்தார். அறிக்கையை அமுக்கிவிடலாம் என்று இரண்டு பேர் சொன்னார்களாம். "காசு குடுத்தது தெரிஞ்சுக்கிறதுக்கா, ஒளிச்சு வைக்கிறதுக்கா?" என்று கேட்டாராம். ஆராய்ச்சி இன்னும் இரண்டு வருடம் தொடரும். புளோரூமுக்குத் தூசியை உறிஞ்சி வெளியே தள்ளும் பெரிய ஃபேன் வந்து இறங்கியிருக்கிறது. அழகுத்தாயை ரீலிங்குக்கு மாற்றியாயிற்று. கருப்பட்டியும் தொடர்கிறது, கெடுதல் இல்லை என்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்துவிட்டார்.

22.2.69 சனி

காலை ஷிப்டு. அழகுத்தாய் மூன்று நிமிடம் தாமதம். எழுதினேன். எழுதியதைப் பார்த்துவிட்டாள்.

பிடித்துக்கொண்டாள். பஸ்ஸு பாதியில் நின்றது, நான் குதிரையிலா வர, உங்க கடியாரம்தான் ஓடுது, உங்களுக்குக் கண்ணிருக்கா, பதினோரு வருசமா ஒருத்தரையாவது நல்லபடியா உள்ள விட்டிருக்கீங்களா என்று ஆரம்பித்து, என் மூக்குக் கண்ணாடி வரை வந்து, திரும்ப பஸ்ஸுக்குப் போனாள். கூட்டம் கூடிவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள், இந்தத் தடவை என்னைப் பார்த்து.

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முழுசாக நாலு நிமிடம். ஒரு இடத்தில்கூட மூச்சு வாங்க நிறுத்தவில்லை.