ஒரு நட்சத்திரத் தீர்மானம்

செவ்வாய்க்கிழமை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அவரவர் வயதுக்கு உரிய அளவில் எல்லோரும் சௌக்கியம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு, நின்றபடியே தூங்காமல் இருக்கிறாய் என்று நம்பி மேலே எழுதுகிறேன். முதலில் முக்கியமான விஷயம். சென்ற வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு நம் வீட்டு முன்னறையில் கூடிய குடும்பக் கூட்டத்தில், உன் பெரியவரின் கச்சேரிப் படத்துக்கு நம் குடும்பத்தார் ஐந்தில் ஒரே ஒரு நட்சத்திரம் மட்டுமே அளிப்பது என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. முன்மொழிந்தவர் உன் அம்மா. வழிமொழிந்தவர் உன் மாமா. உன் அத்தையின் வாயில் பிஸ்கட் இருந்ததால் கையைத் தூக்கி ஆதரித்தாள். முப்பத்தாறு வருடம் கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்த பழக்கத்தில் நான் பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதி, மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கி, நானும் போட்டு வைத்தேன். படத்தை அப்போது நாங்கள் யாரும் பார்த்திருக்கவில்லை. அது ஒரு குறையாக யாருக்கும் படவில்லை.

பின்னால் யாராவது இந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தால் புரிய வேண்டும் என்பதால் பின்னணியையும் எழுதிவிடுகிறேன். நீ வேலை பார்க்கும் பெரியவருக்கு வயது எழுபத்து நான்கு, ஐம்பது வருடமாக ராக் பாடி ஊர் ஊராகச் சுற்றுகிறவர், இது அவருடைய கடைசிக் கச்சேரியைப் பிடித்த படம் என்று போஸ்டரில் போட்டிருக்கிறது. இதற்கு முன்பே அவர் இரண்டு முறை விடைபெற்றிருக்கிறார், இது மூன்றாவது. நீ ஒரே ஒரு முறைதான் விடைபெற்றாய், நாலு வருடத்துக்கு முன்னால், பஸ் நிலையத்தில். அதில் இன்றுவரை உறுதியாக இருக்கிறாய். நடுவில் வந்து போன எட்டு நாளில் மூன்று நாள் தூங்கிவிட்டதால் அதை நான் வந்ததாகச் சேர்க்கவில்லை. நீதான் போனில் சொன்னாய், படம் சில ஊர்களில் மட்டும் ஒரு வாரம் ஓடும், பார்த்தவர்கள் வாசலில் ஒரு அட்டையில் நட்சத்திரம் போட்டு இரண்டு வரி எழுதிப் பெட்டியில் போடுவார்கள், அட்டைகள் நன்றாக வந்தால் பெரியவர் விடைபெற்றதை வாபஸ் வாங்கிக்கொண்டு இன்னும் ஒன்றரை வருடம் சுற்றப் போவார், உன்னையும் கூப்பிடுவார்கள். நன்றாக வராவிட்டால் கிதார்களையெல்லாம் கிடங்கில் வைத்துப் பூட்டிவிட்டு அடுத்த மாதக் கடைசியில் நீ வீட்டுக்கு வந்துவிடலாம் என்று. நீ அதை ஒரு செய்தியாகத்தான் சொன்னாய். உன் அம்மா அதை ஒரு வழிமுறையாக எடுத்துக்கொண்டாள். அன்றைக்குச் சாயங்காலமே உன் அறைக்கு அடிக்க இளம்பச்சையில் இரண்டு டப்பா பெயின்ட் வந்துவிட்டது. மூடி திறக்காமல் இருந்தால் ஒரு மாதத்துக்குள் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார், அதற்கு உன் அம்மா, எதுக்குங்க திருப்பித் தரப்போறோம், என் பொண்ணு வர்றா என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். சொந்த நலன் உள்ள வழக்கிலிருந்து நீதிபதி விலகிக்கொள்ள வேண்டும். நான் நீதிபதி இல்லை, கிளார்க்தானே என்று என்னைச் சமாதானம் செய்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை மதியக் காட்சிக்கு நாலு பேரும் போனோம். அரங்கம் முக்கால்வாசி நிரம்பியிருந்தது, அதிலேயே உன் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. உன் மாமா, எழுபத்து நாலு வயசு ஆளைப் பாக்க இவ்ளோ கூட்டமா, எங்க லிஃப்ட் கம்பெனியில அறுபதுக்கே வீட்டுக்கு அனுப்பிடுறான் என்றான். விளக்கு அணைந்ததும் பெரியவர் முகம் சுவர் அகலத்துக்கு வந்தது, வாயைத் திறந்தால் தொண்டை வரைக்கும் தெரிகிறது. எங்களுக்கு முன்வரிசையில் இருந்த பல் டாக்டரிடம் வெளியே வந்தபின் அபிப்பிராயம் கேட்டேன், மேல் வரிசையில் நாலு பல் சொந்தமில்லை, ஆனால் வேலை சுத்தம் என்றார். பாட்டைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியாது. சத்தமாக இருந்தது, ஆனால் கோபமில்லாத சத்தம், மாடியில் யாரோ சந்தோஷமாக மேஜை நாற்காலியை நகர்த்துவது போல. முதல் பாட்டு முடிந்ததும் பெரியவர் கிதாரைக் கழற்றி இடது பக்கம் நீட்டினார். இருட்டிலிருந்து ஒரு கை வந்து அதை வாங்கிக்கொண்டது, வேறொரு கிதாரைக் கொடுத்தது. கொடுப்பதற்கு முன்னால் அதன் முதுகில் இரண்டு விரலால் இரண்டு தட்டு. உன் அம்மா என் முழங்கையைப் பிடித்தாள், பிடித்த பிடியை இடைவேளை வரைக்கும் விடவில்லை.

அந்த இரண்டு தட்டு எங்களுக்குத் தெரியாதா. எட்டு வயதில் என் மூக்குக்கண்ணாடித் திருகை இறுக்கிவிட்டு அதன் மேல் தட்டினாய். அதற்கப்புறம் குக்கர் கைப்பிடி, மாமாவின் ஸ்கூட்டர் கண்ணாடி, அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பழைய ரத்த அழுத்தக் கருவி, எதைச் சரி செய்தாலும் முடித்ததும் இரண்டு தட்டு, சரி, இனி நீ போகலாம் என்பது போல. நீ போனபிறகு இந்த வீட்டில் எல்லாமே லேசாக ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. என் கண்ணாடிக் காம்பை நூலால் கட்டி வைத்திருக்கிறேன், கண்ணாடிக் கடையில் ஒரு நிமிஷ வேலை சார், இறுக்கித் தருகிறேன் என்றார்கள், இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். உன் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் உன் அம்மா, இசைத் துறையில இருக்கா என்பாள், அதற்கு மேல் கேட்டால் டீ போட எழுந்துவிடுவாள். கம்பி மாற்றி, சுருதி சேர்த்து, கறுப்புச் சட்டையோடு இருட்டில் நின்று கிதாரைக் கையில் கொடுக்க வேண்டும், யார் கண்ணிலும் படக் கூடாது, பட்டால் வேலை சரியில்லை என்று அர்த்தம் என்று நீ சொன்னபோது எனக்கு மட்டும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. கோர்ட்டில் என் வேலையும் அதேதான்.

எங்களுக்குப் பின்னால் ஒருவர் மனைவியோடு உட்கார்ந்திருந்தார். நாலாவது முறை கை வந்தபோது அவர், இந்த ஆளு பாட்டுக்குப் பாட்டு கிதாரை மாத்திக்கிட்டே இருக்கான், இதையெல்லாம் வெட்டித் தூக்கியிருந்தா படம் அரைமணி முன்னாடியே முடிஞ்சிருக்கும் என்றார். நம் தீர்மானத்துக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. ஆனால் உன் அம்மா மூச்சு விடும் விதம் மாறியது எனக்குத் தெரிந்தது. ஒன்பதாவது பாட்டின் நடுவில் கம்பி அறுந்தது. நீ குனிந்து ஓடிவந்தாய், முழு வெளிச்சத்தில், அந்தக் கிதாரை உருவிக்கொண்டு வேறொன்றை அவர் கழுத்தில் மாட்டிவிட்டுத் தட்டிவிட்டு ஓடிப்போனாய். நாலு விநாடி. நாலு வருடத்துக்கு நாலு விநாடி என்று மனசு தானாகவே வகுத்துப் பார்த்தது, அதை அப்போதே நிறுத்திவிட்டேன். முடியை ரொம்பக் குட்டையாக வெட்டியிருக்கிறாய். பின்னாலிருந்தவர், அய்யோ, எவளோ ரசிகை மேடையில ஏறிட்டா பாரு, காவலுக்கு நிக்கிறவன் என்ன பண்றான் என்றார். உன் அம்மா இருட்டில் முழுசாகத் திரும்பினாள். ரசிகை இல்லைங்க, என் பொண்ணு, கம்பி அறுந்துடுச்சு, மாத்திக் குடுத்துட்டுப் போறா, பாட்டு நின்னுச்சா பாருங்க, நிக்கல இல்ல, உங்க வீட்ல யாருக்காவது தெரியுமா இந்த வேலை என்றாள். பாட்டின் சத்தத்தை மீறி நாலு வரிசைக்குக் கேட்டது. அந்த மனிதர் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டு, கையிலிருந்த பாப்கார்னை அப்படியே நீட்டினார். உன் அத்தை அதை வாங்கிக்கொண்டாள்.

வாசலில் தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேட்காதே, நானே சொல்கிறேன். அத்தை ஐந்து நட்சத்திரம் போட்டாள். என்னம்மா இது என்றேன், அண்ணே, ஆறாவது பாட்டுலயே அந்த மனுஷனுக்கு மூச்சு வாங்குது, வலது முட்டி போயிடுச்சு, அதுக்கப்புறம் ஒன்றரை மணி நேரம் நின்னு பாடுறார், இதுக்கு ஒண்ணு போட்டா நான் வார்டுல வேலை பாத்தவளே இல்லை என்றாள். உன் மாமாவும் ஐந்து. கடைசிப் பாட்டுக்கு எழுந்து நின்று கை தட்டியதை நானே பார்த்தேன், கேட்டால், கால் மரத்துப்போச்சு அத்தான், அதான் எழுந்தேன், கையும் மரத்துப்போச்சு, அதான் தட்டினேன், நட்சத்திரம் ஒண்ணுதான் போட வந்தேன், பேனா நிக்கல என்கிறான். உன் அம்மா பேனாவை வாங்கியபோது பக்கத்தில் நின்று, தீர்மானம் என்று மெதுவாக நினைவூட்டினேன். அது பாக்கிறதுக்கு முன்னாடி போட்டது என்றாள். ஐந்தையும் நிரப்பி, அந்தக் கை வரும் இடங்களை வெட்டக் கூடாது, அது என் மகள் கை என்று எழுதினாள். தியேட்டர் மேனேஜர் அதை வாங்கிப் படித்துவிட்டுப் பெட்டியில் போடவில்லை, டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்கு மேலே ஒட்டிவிட்டார். நான் வாக்களிக்காமல் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

உன் அம்மாவின் அட்டை ஜன்னலுக்கு மேலே ஏறியதன் விளைவை நேற்றுப் பார்த்தேன். லைப்ரரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு மதியக் காட்சிக்குத் தனியாகப் போனேன், இதை உன் அம்மாவிடம் சொல்லாதே, அவள் ஞாயிற்றுக்கிழமை மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுக் காய்கறி இல்லாமல் வந்தபோது நானும் கேட்கவில்லை. டிக்கெட் வாங்குகிறவர்கள் எல்லோரும் ஜன்னலுக்கு மேலே இருப்பதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். முதல் முறை கை வந்ததும் அங்கங்கே சிலர் தட்டினார்கள். ஐந்தாவது முறையில், வருது பாரு, வருது பாரு என்று சத்தம், அரங்கம் முழுக்கத் தட்டியது, பெரியவர் பாட்டுக்குக்கூட அவ்வளவு இல்லை, பாவம். கம்பி அறுந்தபோது விசில். நான் தட்டவில்லை, சொந்தக்காரன் தட்டினால் நன்றாக இருக்காது. நாற்காலிக் கைப்பிடியில் இரண்டு விரலால் இரண்டு முறை தட்டினேன், அவ்வளவுதான். உனக்குக் காதோரம் நரைத்திருக்கிறது. அது விளக்கு வெளிச்சம் அண்ணே என்று அத்தை வெள்ளிக்கிழமையே சொன்னாள். நேற்று அதற்காகவே மறுபடி பார்த்தேன். விளக்கு இல்லை. வெளியே வந்து என் அட்டையை எடுத்தேன். ஒரு நட்சத்திரம் போட வேண்டும் என்றுதான் இருந்தேன், அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். என் பேனா நன்றாகவே எழுதியது, அதுதான் தொந்தரவு. நாலு நட்சத்திரம் போட்டேன். ஒன்றைக் குறைத்ததற்குக் காரணம் எழுத வேண்டிய இடத்தில், கிதாரை மொத்தம் பதினோரு முறைதான் மாற்றுகிறார்கள், இன்னும் சில முறை மாற்றியிருக்கலாம் என்று எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டேன்.

இதுவரை எழுதியது செவ்வாய்க்கிழமை. தபால்தலை நான் வாங்கி வருகிறேன் என்று உன் மாமா சொன்னதால் கடிதம் ஐந்து நாளாக மேஜை மேலேயே இருக்கிறது. இன்று ஞாயிறு. அதற்குள் நேற்று உன் போன் வந்துவிட்டது. நம் ஊர்ப் பெட்டியிலிருந்து மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு அட்டை, அதில் பாதிக்கு மேல் கையைப் பற்றி எழுதியிருக்கிறது என்றும், பெரியவரே அதையெல்லாம் வாசிக்கச் சொல்லிக் கேட்டு, முப்பத்தோரு ஊர் போகலாம், இந்தப் பெண் வந்தால்தான் என்று சொல்லிவிட்டார் என்றும் சொன்னாய். நாளைக்குள்ள பதில் சொல்லணும், என்னப்பா பண்ணட்டும் என்று கேட்டாய். கோர்ட்டில் நான் தீர்ப்பு எழுதியவனில்லை அம்மாடி, எழுதியதை எடுத்து வைத்தவன். அதனால்தான், ஒன்றரை வருஷத்துக்குக் கம்பி போதுமான அளவு இருக்கா, இப்பவே சொல்லி வாங்கி வை என்றேன். பக்கத்தில் நின்ற உன் அம்மா போனை வாங்கி, மேடையில ஓடும்போது ஷூ நாடாவைக் கட்டிக்கிட்டு ஓடு, படத்துல அவிழ்ந்திருந்துச்சு என்று சொன்னாளே, அதற்கப்புறம் அவள் மொட்டை மாடிக்குப் போய் ஏற்கெனவே காய்ந்துவிட்ட துணிக்குக் கிளிப் மாட்டிக்கொண்டிருந்தாள். நான் கூப்பிடவில்லை.

நீ எந்த ஊரில் நின்றாலும் உன் கை பட்டது எதுவும் பாதியில் நிற்கக் கூடாது, உனக்கும் ஒரு குறையும் வரக் கூடாது, நானும் அம்மாவும் மனசார வாழ்த்துகிறோம். காதில் பஞ்சு வைத்துக்கொள்ள மறக்காதே. முப்பத்தோரு ஊர்களின் பட்டியலைத் தேதியோடு அனுப்பு, உன் அறைச் சுவரில் ஒட்ட வேண்டும் என்று அம்மா கேட்கிறாள். என் கண்ணாடி இப்போதைக்கு நூலிலேயே நிற்கிறது, அவசரமில்லை.

என்றும் உன் நினைவாக இருக்கும்
அப்பா

பி.கு.: பெயின்ட் டப்பா இரண்டையும் மாமா இன்று காலை கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டான்.