கழுத்தில் இருந்த சிவப்பு மறு

ஜூன் 3, செவ்வாய்

தைராய்டில் இருப்பது புற்றுநோய்க் கட்டிதான். "சின்ன வயசுல கழுத்துக்கு ரேடியேஷன் குடுத்தாங்களா?" என்று டாக்டர் ஷபானா கேட்டார். இல்லை என்றேன். படிவத்திலும் 'இல்லை' என்று எழுதினேன். எனக்குத் தெரிந்த ரேடியேஷன் என் வீட்டுக்காரர் வேலை பார்க்கும் அணு ஆராய்ச்சி ஆபீஸ் ஒன்றுதான்.

ஜூன் 5, வியாழன்

செங்கல்பட்டிலிருந்து அம்மா வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "எல்லாம் உன் புருஷன் வேலையால வந்தது." நானும் சேர்ந்துகொண்டு இவரைக் கண்டபடி கத்தினேன். "நான் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கேன், பர்வதம்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார்.

ஜூன் 8, ஞாயிறு

இன்ஷூரன்ஸுக்காகப் பழைய காகிதம் தேட அம்மா வீட்டுக்குப் போனேன். சூட்கேஸ் அடியில் ஒரு ஆஸ்பத்திரி அட்டை. என் பெயர். வயது நான்கு. கழுத்து மறுவுக்கு எக்ஸ்ரே சிகிச்சை, ஆறு முறை. கூடவே 1998-இல் வந்த கடிதம்: வருடம் ஒருமுறை கழுத்தைப் பரிசோதித்துக்கொள்ளவும்.

அந்தச் சிவப்பு மறு வேண்டுதலால் மறைந்தது என்றுதானே சொல்லி வளர்த்தாள்? பிறந்தநாள் தவறாமல் திருக்கழுக்குன்றம் மலை ஏறியிருக்கிறேன். மேலே போனதும் என் கழுத்தில் விபூதி பூசுவாள். நானும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பேன், பைத்தியக்காரி மாதிரி.

"அந்த லெட்டர் வந்தப்ப உனக்குக் கல்யாணம் நிச்சயமாயிருந்துது பாப்பா. தெரிஞ்சா நின்னு போயிருக்கும்."

"அதுக்கப்புறம் இருபத்தேழு வருஷம்? வியாழக்கிழமை அவர் மேல பழி போட்டப்பகூட வாய் வரலையா?"

காபி போடட்டுமா என்றாள்.

பெத்தவளே இப்படிப் பண்ணா நான் யாரைத்தான் நம்புறது?

ஜூன் 9, திங்கள்

இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். "சரி, சாப்ட்டியா?" என்றார். அப்போதுதான் அழுகை வந்தது.

ஜூன் 13

அம்மா நான்கு முறை போன் செய்தாள். எடுக்கவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

நாளை ஆபரேஷன். இன்று அட்மிஷன். இங்கும் படிவத்தில் அதே கேள்வி.

விபூதிப் பொட்டலத்தோடு அம்மா வந்து நின்றாள். "குணமானதும் மலை ஏறலாம்னு வேண்டிகினு வந்திருக்கேன்" என்றாள். இவர் பக்கத்திலேயே இருந்தார். படிவத்தையும் பேனாவையும் அம்மாவிடம் நீட்டினேன். "நீயே எழுதும்மா."

முப்பது வருடம் டீச்சராக இருந்தவள். ஒரு வரி எழுத வெகுநேரம் ஆனது. 'ஆம். நான்கு வயதில். ஆறு முறை.' பேனாவை இவரிடம் கொடுத்தாள், முகத்தைப் பார்க்காமல்.

பிறகு பொட்டலத்தைப் பிரித்தாள். "வெச்சு விடட்டுமா?"

"நெத்தியில வை" என்றேன். "கழுத்துல வேணாம்."