வாய் திறக்கக் கூடாத வகுப்பு

பிப்ரவரி 4, செவ்வாய்

இன்று நேர்கோடு போட்டோம். அளவுகோல் கிடையாது. வெறுங்கையால் தாளின் இந்த விளிம்பிலிருந்து அந்த விளிம்புவரை. காலையில் உட்கார்ந்தது, மதியம்வரை கோடு, கோடு, கோடு. என் கோட்டைப் பார்த்து மேடம் அப்படியே அசந்து நின்றுவிட்டார். "இப்படி ஒரு கையை இந்தக் கல்லூரி பார்த்ததே இல்லை" என்றார்.

சரி, உண்மையில் அவர் சொன்னது, "தோளை அசைங்க, மணிக்கட்டை இல்ல." ஆனால் சொன்ன விதத்தில் ஒரு மரியாதை இருந்தது.

இப்போது தோள் கழன்று கீழே விழுந்துவிடும்போல் இருக்கிறது. ஐம்பத்து மூன்று வயது. படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றது. பாதி ஆயுளை சோபா கடையில் விற்பனையாளனாகக் கழித்தேன். கடையை மூடினார்கள். பெரியவர்களுக்கென்று ஒதுக்கிய இடம் ஒன்று கலை வடிவமைப்புக் கல்லூரியில் இருந்தது, போட்டி போட்டு வாங்கினேன். (போட்டிக்கு வந்தது நானும் இன்னொருவரும். அவர் பாதியில் எழுந்து போய்விட்டார்.) மனைவி சொன்னாள், "போங்க. வீட்டுல சும்மா இருந்து கதை அளக்குறதுக்கு அங்க போய் அளங்க." சொல்லிவிட்டு சலவைக்கூடத்தில் இன்னொரு ஷிப்டும் எடுத்துக்கொண்டாள்.

வகுப்பே என்னை மாமா என்கிறது. அக்கா மகள் அதே வகுப்பில் இருக்கிறாள் அல்லவா. முதல் நாளே கெஞ்சினாள்: "மாமா, நாம சொந்தம்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, ப்ளீஸ்." சத்தியம் செய்து கொடுத்தேன். மதியச் சாப்பாடுவரை காப்பாற்றினேன்.

பிப்ரவரி 13, வியாழன்

கறுப்பிலிருந்து வெள்ளைவரை படிப்படியாகச் சாம்பல் கலந்தோம். பஸ்ஸில் தூங்கி, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன். கனவிலும் சாம்பல்தான்.

பிப்ரவரி 20, வியாழன்

மேடம் தனியே கூப்பிட்டார். முதல் பருவத்தில் என் மதிப்பெண் படுத்துக் கிடக்கிறதாம். "மாமா…" என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டு, "சார், மார்ச் ஜூரி பரீட்சையில இந்த வேலையும் விழுந்துச்சுன்னா ரெண்டாம் வருஷம் கிடையாது. இடத்தை வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க" என்றார்.

வேலை இதுதான்: உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒருவருக்கு ஓர் இருக்கை.

இருக்கை! என்னிடம்! எத்தனை பேரை எத்தனை சோபாவில் உட்கார வைத்திருக்கிறேன். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி. என் மனைவிக்குத்தான் செய்யப்போகிறேன். ராணி மாதிரி உட்காரட்டும்.

பிப்ரவரி 27, வியாழன்

இன்றைக்கு நடந்த அநியாயத்தை எழுதாவிட்டால் தூக்கம் வராது.

எங்கள் வகுப்பில் ஒரு விதி. வேலையைச் சுவரில் மாட்டிவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும். மற்றவர்கள் அதைப் பற்றிப் பேசுவார்கள். செய்தவன் வாய் திறக்கக் கூடாது. ஒரு சொல், ஒரு 'அது வந்து…' கூடாது. இதற்குப் பெயர் கிரிட், அதாவது விமர்சனம். நான் சொல்கிறேன், இதற்குப் பெயர் சித்திரவதை.

ஏன் பேசக் கூடாது என்று முன்பே கேட்டிருந்தேன். மேடம் சொன்னார், "வாங்கிட்டுப் போறவங்க வீட்டுல போய் நின்னு விளக்குவீங்களா?" விளக்கியிருக்கிறேனே! ஒரு வீட்டுக்கு மூன்று தடவை போய் விளக்கியிருக்கிறேன். அவர்கள் கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகக் கேட்டார்கள், அவ்வளவுதான். இதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார்.

என் படத்தை மாட்டினேன். சாய்கிற முதுகு, இழுத்தால் நீள்கிற கால்பலகை, கைப்பிடியில் போன் வைக்க ஒரு பை, தண்ணீர் டம்ளருக்கு ஒரு குழி, தலைக்கு மேல் ஒரு விளக்கு. ஆரம்பித்தார்கள்.

"பல் டாக்டர்கிட்ட போன மாதிரி இருக்கு."

"இதுல ஏறி உட்காரவே பயமாயிருக்கு மாமா, அப்படியே பறந்துடுமோன்னு."

எப்போதும் தொப்பி போட்டுக்கொண்டு வரும் பையன் ஒருவன் உண்டு. பேரே தொப்பிதான். அதிகம் பேச மாட்டான். வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னான்: "இதுல உட்கார்ற ஆளு யாருன்னு தெரியல. செஞ்ச ஆளு மட்டும்தான் தெரியிறாரு."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுத்திருப்பேன். உள்ளே நாக்கு வீங்கிப் போய்க் கிடந்தது. விதி.

மார்ச் 3, திங்கள்

கேன்டீனில் அக்கா மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தானாக வந்து உட்காருவது இதுதான் முதல் தடவை. நான் வரைந்து வைத்திருந்ததைப் புரட்டினாள். மனைவி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறாள், சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.

"மாமா, இது யாரு?"

"உங்க அத்தைதான். மூக்கைப் பார், தெரியலையா?"

"அத்தை உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லையே."

"என்ன பேச்சு பேசுற? உட்காராம இருப்பாளா ஒரு மனுஷி?"

"சரி, கடைசியா எப்ப பார்த்தீங்க?"

நான் ஒரு பெரிய பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது ஞாபகம் இல்லை.

மார்ச் 4, செவ்வாய்

உடம்புக்கு முடியவில்லை என்று மதியத்தோடு வந்துவிட்டேன். அது உண்மையும்தான். கூடத்தில் பேப்பரை விரித்துப் படிக்கிற மாதிரி உட்கார்ந்து, பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் வந்தாள். பையைக் கீழே வைத்தாள். சமையலறைக் கதவோரச் சுவரில் இடுப்பைச் சாய்த்தாள். ஒரு பாதத்தைத் தூக்கி மற்றக் காலின் கெண்டைச் சதையில் வைத்துக்கொண்டாள், கொக்கு மாதிரி. அப்படியே தண்ணீர் குடித்தாள். அப்படியே வெங்காயம் உரித்தாள். கால் மாற்றினாள். அப்படியே தன் தங்கையோடு போனில் பேசினாள்.

"ஏம்மா, உட்காரேன்."

"ஏன், என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல. உட்காருன்னு சொன்னேன்."

"உட்கார்ந்தா எந்திரிக்க முடியாதுங்க. காலு பூட்டிக்கும். அப்புறம் யாரு வந்து தூக்குறது, நீங்களா?"

நாள் முழுக்க இஸ்திரி மெஷின் முன்னால் நிற்கிறவள். இப்போது இரண்டு ஷிப்ட். நான் அவளுக்குக் குஷன் வைத்த சோபாவைச் சலுகை விலையில் வாங்கி வந்து போட்டிருக்கிறேன். அதில் யார் உட்காருகிறார்கள்? நான். துவைத்த துணி. நான்.

மார்ச் 6, வியாழன்

பழைய படம் எல்லாவற்றையும் கிழித்தேன். அவள் நிற்கிறதை வரைகிறேன். நிற்கிறவளுக்கு எப்படி இருக்கை செய்வது? யாராவது கேட்டால் பைத்தியம் என்பார்கள்.

மார்ச் 11, செவ்வாய்

ஒரு யோசனை வந்தது. பேருந்து நிறுத்தத்தில் சாய்ந்துகொள்ளக் கம்பி வைத்திருக்கிறார்களே, அந்த ஜாதி. இடுப்புயரத்தில் முன்பக்கம் சரிந்த ஒரு பலகை. உட்கார வேண்டாம், சாய்ந்தால் போதும், பாதி பாரத்தை அது வாங்கிக்கொள்ளும். கீழே, தூக்குகிற பாதத்துக்கு ஒரு கம்பி. எழுந்திருக்கவே தேவையில்லை, உட்கார்ந்தால்தானே எழுந்திருக்க!

அவளை அளந்தேன். "எதுக்கு அளக்குறீங்க, பெட்டியில வச்சு அனுப்பவா?" என்றாள். ஆனால் நின்றாள்.

அட்டையில் மாதிரி செய்து கொண்டுபோனேன். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. "மாமா, இது பூந்தொட்டி வைக்கிற பலகையா?" மேடம் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "இருக்கைன்னுதான் கேட்டிருக்கு சார். ஜூரிக்கு வெளியிலேர்ந்து ஆள் வர்றாரு. உட்கார முடியாத ஒண்ணை அவர் எதுல சேர்ப்பாருன்னு என்னால சொல்ல முடியாது."

வெளியே வந்ததும் அக்கா மகள் கையைப் பிடித்தாள். "மாமா, பேசாம ஒரு ஸ்டூல் செஞ்சுடுங்க. நாலு காலு, ஒரு பலகை. பாஸாயிடலாம். அத்தை ரெண்டு ஷிப்ட் பார்க்கறாங்க மாமா."

அவள் சொன்னதில் தப்பே இல்லை. ஸ்டூலை நான் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன்.

களைப்பாக இருக்கிறது. நாளைக்கு யோசிக்கிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

ஸ்டூல் செய்யவில்லை.

பட்டறையில் மரப்பலகை அறுத்தேன். கையில் இரண்டு கொப்புளம், காதில் மரத்தூள். இழைத்து, பொருத்தி, வீட்டுக்குத் தூக்கி வந்து, ஜூரிக்கு என்று சொல்லாமல், "சும்மா சாஞ்சு பாரு" என்றேன். சாய்ந்தாள். ஒரு மாதிரி நெளிந்தாள். "நல்லாயிருக்குங்க" என்று சொல்லிவிட்டு, கதவோரச் சுவருக்கே போய்விட்டாள்.

உயரம் கூடிப்போயிருக்கிறது. அளந்தது சரி, அறுத்தது சரி. அப்புறம்தான் புரிந்தது: அளக்கிறேன் என்றதும் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி விறைத்து நின்றிருக்கிறாள். களைத்து வந்து சாய்கிறவளுக்கு அந்த உயரம் இல்லை. மறுபடி அளந்தாலும் மறுபடி விறைப்பாள்.

மார்ச் 19, புதன்

அந்தக் கதவோரச் சுவரில் இடுப்புயரத்தில் ஒரு கறை உண்டு. உள்ளங்கை அகலம், பழுப்பு. எண்ணெய்க் கறை என்று நினைத்து இரண்டு தடவை வெள்ளையடித்திருக்கிறேன். இரண்டு தடவையும் திரும்ப வந்தது. சுண்ணாம்பு சரியில்லை என்று கடைக்காரரோடு சண்டையே போட்டேன்.

இன்று காலை அவள் வேலைக்குப் போன பிறகு, டேப்பை வைத்துத் தரையிலிருந்து கறைவரை அளந்தேன்.

பலகையின் கால்களை நான்கு விரற்கடை அறுத்தேன்.

மார்ச் 28, வெள்ளி

ஜூரி. கூடம் நிறைய நாற்காலிகள். வீட்டு ஆட்களும் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். என் பலகை ஜன்னலோரம். பக்கத்தில் நான். வாய் மூடி.

வெளியிலிருந்து வந்த பரீட்சகர் உயரமான மனிதர், காதில் பென்சில். ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்தார். தொப்பியின் சிவப்பு நாற்காலியில் மட்டும் வெகுநேரம் உட்கார்ந்தார். என்னுடையதற்கு எதிரில் வந்ததும் உட்கார இடம் தேடினார். பலகையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மேடத்தைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து மனைவி உள்ளே வந்தாள். ஷிப்ட் முடிந்து நேரே வந்திருக்கிறாள், முகமெல்லாம் ஆவி அடித்த சிவப்பு. கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னிடம் வந்தாள். பையைத் தரையில் வைத்தாள். பின்னால் பார்க்காமலே சாய்ந்தாள். பாதம் தானாகக் கம்பிக்குப் போனது.

"என்னங்க, இதுல எது நீங்க செஞ்சது?"

நான் உதடுகளை இறுக்கிக்கொண்டேன்.

"கேக்குறேன்ல? அந்தச் சிவப்பு நாற்காலியா? நல்லாதான் இருக்கு. என்னங்க, வாயில என்ன?"

அக்கா மகள் துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டாள். பரீட்சகர் பென்சிலைப் பிடித்தபடி நின்றார். மனைவி அவரிடம், "தப்பா நினைக்காதீங்க சார், இவரு இப்படி அமைதியா இருக்கிற ஆளே இல்ல. உடம்புக்கு ஏதோ ஆகியிருக்கு" என்றாள்.

பிறகு கால் மாற்றினாள். பிறகு கண்ணை மூடினாள். கொஞ்ச நேரம்தான்.



ஏப்ரல் 9, புதன்

தேறியவர்கள் பட்டியல் ஒட்டினார்கள். இருக்கிறேன். கீழேயிருந்து எண்ணினால் சீக்கிரம் வந்துவிடும். மனைவியிடம் சொன்னேன். "அப்ப ரெண்டு ஷிப்ட் இன்னும் ஒரு வருஷமா?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள், அசதியாக.

ஜூன் 16, திங்கள்

இரண்டாம் வருடம். இன்று வட்டம் போட்டோம். வெறுங்கையால். காலையிலிருந்து வட்டம், வட்டம், வட்டம். தோள் பழையபடி கழன்றுவிட்டது. என் வட்டத்தைப் பார்த்து மேடம் "பரவாயில்ல" என்றார். பரவாயில்லை என்றுதான் சொன்னார்.

பலகை கதவோரத்தில் இருக்கிறது. சுவருக்கு இந்த வருடம் வெள்ளையடிக்கவில்லை.

வரும் வழியில் தேநீர்க் கடையில் ஜூரிக் கதையைக் கேட்டார்கள். சொன்னேன். பரீட்சகர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதைச் சொன்னேன். (அவருக்குக் கண்ணாடியே கிடையாது.) மூன்று கம்பெனிகள் என்னை இழுத்ததைச் சொன்னேன். பலகையை ஒரு அமைச்சர் விலைக்குக் கேட்டார் என்றேன். கடைக்காரர் ஒரு டீயை இலவசமாகக் கொடுத்தார்.

அவள் சாய்ந்து கண்ணை மூடியதை மட்டும் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் எதையாவது சேர்த்துவிடுவேன்.