கயலின் நெற்றி முடியை வெட்டியது யார்?

டேனியின் குறிப்பேட்டில் அவன் வகுப்பு டீச்சர் எழுதி அனுப்பியிருந்ததை நேற்றுச் சாயங்காலம் நாலைந்து தடவை படித்துவிட்டேன். கைவேலை வகுப்பில் கத்திரியைத் தொடவே மாட்டேன் என்கிறானாம். கையில் கொடுத்தால் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்கிறானாம். பையைத் திறந்தால், நான் வாங்கிக் கொடுத்த ஆரஞ்சுப் பிடி போட்ட சின்னக் கத்திரி அட்டைகூடப் பிரிக்காமல் கிடக்கிறது. உடனே உன்னிடம் ஓடிவர வேண்டும்போல் இருந்தது. நீ போய் எட்டு மாதம் ஆகிவிட்டது. இன்னும் எதற்கெடுத்தாலும் மாடிப்படியைத்தான் பார்க்கிறேன்.

ஒத்தக்கடையில் இந்த வீட்டுக்குக் குடிவந்தபோது நான் கீழே, நீ மேலே. இரண்டு பேருக்கும் கைப்பிள்ளை, இரண்டு பேருக்கும் வேலை. நான் பள்ளிக்கூடம் விட்டு நாலு மணிக்கு வந்தால்தான் நீ ஜவுளிக்கடை பில்லிங்குக்கு பஸ் பிடிக்கப் போவாய். பகலெல்லாம் என் மகன் டேனி உன் வீட்டில். சாயங்காலம் முழுக்க உன் மகள் கயல் என் வீட்டில். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால் நம்மில் ஒருத்தி வேலையை விட்டிருக்க வேண்டும்.

அந்த இரண்டும் செய்யாத அழும்பு உண்டா! ஒரு நாள் நீ துணி காயப்போட்டுவிட்டு வருவதற்குள், இட்லி மாவைக் கிண்ணம் கிண்ணமாக அள்ளி வாஷிங் மெஷினில் ஊற்றி மூடிவிட்டார்கள். நான் வந்து பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டேன். நீ சிரித்துக்கொண்டே, "மாவு போனாப் போகுது டீச்சர், இதுக உள்ள ஏறி உக்காராம இருந்துச்சுகளே" என்றாய். எனக்குப் பொசுக்கென்று கோபம் வரும். அதைவிடச் சீக்கிரம் பயம் வரும். அந்தப் பயம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

கயலுக்கு மூன்று வயதாகியும் முதல் மொட்டை போடவில்லை. உங்கள் குலதெய்வக் கோயில் திருமங்கலத்துக்கு அந்தப் பக்கம். பங்காளி வீட்டில் அடுத்தடுத்து இரண்டு சாவு விழுந்ததால் தள்ளிக்கொண்டே போனது. அதுவரை அந்த முடியில் கத்திரி படக் கூடாது என்பது எனக்குத் தெரியாது. சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீட்டில் பிறந்தவள் நான். எங்கள் வீட்டில் பிள்ளைக்கு முடி வளர்ந்தால் சலூன், அவ்வளவுதான்.

சித்திரை வெயில். வேர்வையில் முடி கண்ணுக்குள் விழுந்து, கயல் கசக்கிக் கசக்கி இமையில் கட்டி வந்திருந்தது. குளிப்பாட்டி உட்காரவைத்து, நெற்றி முடியை நான் வெட்டிவிட்டேன். நல்லது செய்கிற நினைப்புதான். வெட்டிவிட்டுத் துண்டெடுக்க உள்ளே போனேன். அன்றைக்குப் பார்த்து நீ சீக்கிரம் வந்துவிட்டாய். "ஏய், சாமிக்கு நேந்த முடிடி! யாரு வெட்டுனா?"

கீழே கிடந்த கத்திரியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு டேனி நின்றான். "இந்தப் பயதான், நான் அங்குட்டுப் போன நேரத்துல..." என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. 'வேதக்கார வீட்டுல பிள்ளைய விடாத' என்று ஊரிலிருந்து வந்துபோகிற உன் மாமியார் ஏற்கெனவே முணுமுணுத்துக்கொண்டிருந்தார். இனிமேல் கயலை அனுப்பமாட்டார்கள், டேனியையும் சேர்க்கமாட்டார்கள் என்று பயந்துவிட்டேன். மூன்று வயதுப் பிள்ளை மேல் போட்டால் யார் என்ன செய்ய முடியும்?

நீ தரையில் மண்டிபோட்டு ஒவ்வொரு முடியாகப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிந்தாய். எழுந்திருக்கும்போது கயலின் நெற்றியைக் கொஞ்ச நேரம் பார்த்தாய். "டீச்சர், உம் மகன் கை ரொம்ப நேரா வெட்டுதுடி" என்றாய். நான் விளக்குமாற்றைத் தேடுகிற மாதிரி உள்ளே போய்விட்டேன். அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் துப்பில்லாதவள் என்று உன் மாமியாரிடம் மாதக்கணக்கில் ஏச்சு வாங்கினாய். மொட்டையும் போட்டாயிற்று, சாமியிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று. டேனிக்குக் 'கத்திரிக்காரன்' என்று பேர் வந்தது. அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை. நானும் சிரித்தேன், வெட்கங்கெட்டவள்.

நேற்று தோசையைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தான் டேனி. "ஏன்டா கத்திரியத் தொட மாட்டேங்குற?" என்று கேட்டேன். தோசையை இன்னும் சின்னதாகப் பிய்த்தான். அப்புறம் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"நான் கயல் முடிய வெட்டுனதுக்குத்தான் சாமி அத்தைய எடுத்துக்கிச்சாம்மா?"

உன் பதினாறாம் நாள் காரியத்தில் உன் மாமியார் மாரில் அடித்துக்கொண்டு அப்படிச் சொல்லித்தான் அழுதார். டேனி பக்கத்தில் பாயசம் குடித்துக்கொண்டிருந்தான். பிள்ளை கவனிக்கவில்லை என்று நினைத்தேன். எட்டு மாதமாக அதை உள்ளேயே வைத்திருக்கிறான். ஆறு வயது! மூன்று வயதில் நடந்தது அவனுக்கு எங்கே நினைவிருக்கப்போகிறது? நாங்கள் சொல்லிச் சொல்லிச் சிரித்த கதையைத்தான் தன் நினைவென்று நம்பிவிட்டான்.

"நீ வெட்டலடா தங்கம். அம்மாதான் வெட்டுனேன். பயந்துக்கிட்டு உம் மேல போட்டுட்டேன்."

என்னையே பார்த்தான். "அப்ப நீ வெட்டுனதுக்குத்தானா?"

"இல்லடா, அது கொசு கடிச்சு வந்த காய்ச்சல்" என்றேன். அவன் என் கையைப் பிடித்து இழுத்தான். "மேல அப்பத்தாட்ட வந்து சொல்லும்மா. அவங்க இன்னும் நான்தான்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க."

அவனோடு படியேறினேன். கயலை இனிக் கீழே விடமாட்டாரோ என்பதுதான் பயம். உன்னுடையது என்று எனக்கு மிச்சமிருப்பது அவள் ஒருத்திதான். நீ போனபின் கயலுக்காக மேலேயே வந்து தங்கிவிட்ட உன் மாமியார் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். அவர் கை நிற்கவில்லை.

"எம் மருமகளுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டா எங்கிட்ட அம்புட்டுப் பேச்சும் வாங்குனா?"

முறத்தைத் தள்ளிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு டேனியைப் பக்கத்தில் கூப்பிட்டார். "நீ ஒண்ணும் பண்ணலய்யா. அப்பத்தாதான் புத்திகெட்டுப் பேசிட்டேன்." அப்புறம் கயலையும் அவனோடு விளையாட அனுப்பினார். என்னை உட்காரச் சொல்லவில்லை.

இன்று காலையில் டேனி கேட்டு வாங்கி இன்னொரு தோசை சாப்பிட்டான். எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை. 'தெரியும்' என்று அவரிடம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்! இரண்டு வருஷத்துக்கு மேல் தினமும் நாலு மணிக்குப் படியில் உன்னைப் பார்த்தேன். நான்தான்டி வெட்டினேன் என்று உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயும் ஒரு நாள்கூட என்னைச் சொல்லவைக்கவில்லை.