கோடித்துணியில் எடுத்த அளவு

டாக்டரம்மா,

இன்று காலை மருமகள் டிரங்குப் பெட்டியை ஒழுங்கு பண்ணும்போது ஒரு துணியைக் கண்டெடுத்து, "ஏனுங் மாமா, இதைக் கரித்துணியா எடுத்துக்கட்டுங்களா?" என்று கேட்டாள். வாங்கி விரித்தேன். மங்கிய மஞ்சள் துணி. நடுவில் பெரிய கறுப்பு வட்டம், அதைச் சுற்றி ஐந்து சின்ன வட்டங்கள். முகர்ந்தால் இன்னும் கிரீஸ் வாசனை.

"இது சக்கரத்தோட அளவு சாமி, அங்கயே வையி" என்றேன். கிழவனுக்குப் புத்தி தடுமாறிவிட்டதோ என்று பார்த்துவிட்டுப் போனாள். அவளுக்கு விளக்குவதற்கு முன் உங்களிடம் ஒரு தடவை சொல்லிப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

நம் கார், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத் துரை சீமைக்குத் திரும்பும்போது உங்களுக்கு விற்றது. பின்னால் ஸ்டெப்னி இருக்க வேண்டிய இடத்தில் அவர் தன் நாய்க்குப் பெட்டி கட்டியிருந்தார். நீங்கள் குனிந்து பார்த்துவிட்டு, "நாய் எப்படி ஏறும்ங்கண்ணா?" என்று கேட்டீர்களே தவிர, சக்கரம் எங்கே என்று கேட்கவில்லை. டிரைவர் நான், எனக்கும் தோன்றவில்லை. வண்டி கிடைத்த சந்தோஷம் இருவர் கண்ணையும் மறைத்துவிட்டது.

வீரபாண்டிக்கு அப்பால் ஒரு பிரசவத்துக்குப் போகும் வழியில், அந்தக் கல்பாதையில் டயர் வெடித்த அன்றுதான் இரண்டு பேருக்கும் உறைத்தது. பிரசவப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மூன்று மைல் வெயிலில் நடந்தீர்கள். தாய் பிழைத்தாள், குழந்தை தங்கவில்லை. டயருக்கு ஒட்டுப் போட்டுத் திரும்பினோம். ஆட்டையாம்பட்டியில் உங்கள் வீட்டு வாசலில் இறங்கும்போது, "அதே ஊட்டுல சின்ன மருமக நிறைமாசமா இருக்கறா. அடுத்த தடவை நான் நடக்க மாட்டேன்" என்றீர்கள். இன்னும் ஒரு வாரமோ பத்து நாளோதான் இருந்தது.

அந்த மாதிரி வண்டி வருவது நின்றுபோய் வெகுநாள். சேலத்தில் பழைய இரும்புக் கடைகளில் தேடினால்தான் உண்டு. எந்த நேரமும் ஆள் வரலாம் என்பதால் வண்டியையோ சக்கரத்தையோ எடுத்துப்போக முடியாது. அளவை மட்டும் கொண்டுபோக வேண்டும். ஆறு தலைமுறையாகத் தறியில் உட்கார்ந்த குடும்பத்துக்காரன் நான், அளவுக்குத் துணியை விட்டால் எனக்கு வேறென்ன தெரியும்? இளம்பிள்ளையில் அண்ணன் தறியிலிருந்து அன்றைக்குத்தான் அறுத்த கோடித்துணியைக் கிழித்து வந்தேன். நல்ல காரியத்துக்குப் பழந்துணி எடுக்கலாமா? சக்கரத்தைக் கழற்றி, நடுத்துளையையும் போல்ட் துளைகளையும் சுற்றிக் கிரீஸ் தடவி, துணியை அழுத்தி எடுத்தேன். அச்சு அழகாக விழுந்தது.

வீட்டில் அதைப் பார்த்த என் சம்சாரம், "மஞ்சப் படாத கோடித்துணி ஊட்டை உட்டுப் போகலாமுங்களா?" என்று மொத்தத்தையும் மஞ்சள் தண்ணீரில் முக்கிக் கொடியில் போட்டுவிட்டாள். கிரீஸ் அழியவில்லை. நானும் திருப்தியாக மடித்து எடுத்துக்கொண்டு விடிந்ததும் பஸ் ஏறினேன்.

கடையில் சக்கரங்கள் குவிந்து கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் துணியை விரித்துப் பார்த்தேன். "ஏனப்பா, சக்கரத்துக்குச் சீலை எடுக்க வந்தியா?" என்றார் கடைக்காரர். பதினோராவது சக்கரத்தில் ஐந்து வட்டமும் ஐந்து துளையில் கச்சிதமாக உட்கார்ந்தன. பஸ் மேல் போட்டுக் கொண்டுவந்து நிறுத்தி, உங்களைக் கூப்பிட்டுக் காட்டி, மாட்டினேன். ஒரு போல்ட்டில் நுழைந்தது, அடுத்ததில் நுழையவில்லை. விரல் அகலத்தில் கால்வாசி வித்தியாசம். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

வேறு எஜமானராக இருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பேன். நீங்கள் தரையில் உட்கார்ந்தீர்கள். "இருங்கண்ணா. இது ஏன் பொருந்தலைன்னு முதல்ல பாப்போம்" என்று துணியை வாங்கி, வண்டியின் சொந்தச் சக்கரத்தின் மேலேயே விரித்தீர்கள். அதற்கும் பொருந்தவில்லை! உங்கள் முகத்தில் வந்த ஆவலை இப்போதும் பார்க்கிறேன். "சக்கரம் ரெண்டும் நல்லதுதான். துணிதான் மாறியிருக்கு. அச்சு எடுத்ததுக்கப்புறம் இதுக்கு என்ன ஆச்சுங்க?"

மஞ்சள் தண்ணீரில் முக்கியது என்று சொல்லும்போதே எனக்கு உறைத்தது. கோடித்துணி முதல் தண்ணியில் சுருங்கும் என்பது எங்கள் ஊரில் தவழும் குழந்தைக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாமல் போயிற்று. நீங்கள் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தீர்கள். அந்தக் குழந்தை போன பிறகு உங்கள் சிரிப்பை அன்றுதான் கேட்டேன்.

பிறகு உள்ளே போய்ப் பிரசவப் பெட்டியிலிருந்து ஒரு வெள்ளைத் துணி கொண்டுவந்தீர்கள். "இதுல எடுங்க. எத்தனை தடவை கொதிக்க வச்சிருப்பேன்! இனிச் சுருங்க இதுல ஒண்ணுமில்ல."

பதினாறு வயதில் தாலி அறுத்து, ஊர் வாயையெல்லாம் தாங்கிக்கொண்டு படித்து வந்தவர் நீங்கள் என்பது எனக்குத் தெரியும். துணியைப் பற்றி மட்டும்தான் சொன்னீர்களா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் மதியம் சரியான சக்கரத்தோடு வந்தேன். நாய்ப் பெட்டியைப் பிடுங்கிவிட்டு அங்கே கட்டினேன். நான்காம் நாள் சாயங்காலம் ஆள் வந்தது. அதே கல்பாதையில், சொல்லிவைத்தாற்போல, டயர் போயிற்று. நீங்கள் இறங்கவே இல்லை. உட்கார்ந்தபடி தலையை நீட்டி, ஒவ்வொரு போல்ட்டும் ஏறுவதை எண்ணினீர்கள். ஐந்தாவது ஏறியதும், "போலாமுங்க" என்றீர்கள். பெண் குழந்தை. அழுகைச் சத்தம் வண்டிவரை கேட்டது.

போன ஐப்பசியில் உங்களைக் கிடத்தியிருந்தபோது, பிறந்த வீட்டுக் கோடி போட யாரும் வந்து சேரவில்லை. "அண்ணா" என்று வாய்நிறையக் கூப்பிட்டவராயிற்றே என்று நான் போட்டேன். எங்கள் தறித் துணிதான். கூட்டத்தில் ஒரு பெரியவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏனப்பா, கோடித்துணியை யாராச்சும் வேகவச்சுக் கொண்டாருவாங்களா?" என்று சத்தம் போட்டார்.

"இனிச் சுருங்காதுங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. சத்தம் போடாமல், ஏன் என்று முதலில் கேட்க அங்கே நீங்கள் இல்லை.