எனக்கு விளங்கிய டெனிஷ்

1986 மே 3, சனி. விபோர்க், டென்மார்க்

தளபாடத் தொழிற்சாலை அணியை இன்று வென்றோம். மகேந்திரன் அண்ணை அடித்த பந்து வேலியடியில் போய் விழுந்தது. வழக்கம் போல அவர் அடித்தார், நான் ஓடினேன். ஊரில் ஆமிக்காரன் சுட்டதில் அவருடைய வலது முழங்கால் மடங்காது. அதனால் நான் பக்கத்தில் நிற்பேன். மட்டையில் பந்து பட்டதும் அவருக்காக ஓடுவேன். ஐந்தே அணிகள் உள்ள எங்கள் சிறிய பேஸ்போல் சங்கத்தில் இதற்கு யாரும் மறுப்புச் சொன்னதில்லை.

மே 5, திங்கள்

உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்திருக்கிறது. அண்ணை மட்டையோடு நிற்கிறார். ஓரத்தில் ஒரு கை தெரிகிறது. அது என்னுடையது.

நாங்கள் இருவரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். அண்ணை படத்தை வெட்டிக் குசினிக் கதவில் ஒட்டினார். "உன்ரை கையும் வந்திருக்கு" என்று சிரித்தார். நாலு மூலையையும் சுற்றி மூச்சு வாங்க ஓடினவன் நான். கை தட்டு அவருக்கு.

சின்னப் புத்தி. எழுதவே கூசுகிறது.

மே 13, செவ்வாய்

சங்கக் கூட்டம். அண்ணைக்குப் பின்னேர வேலை, நான் தனியே போனேன். சங்கத்தைத் தொடங்கிய பெண்ட் என்பவர் முன்பு அமெரிக்காவில் படிப்பித்தவர். அங்கே தொழில்முறையாக ஆடுகிறவர்கள் இப்போது எந்த விதிகளில் ஆடுகிறார்களோ அவற்றையே நாங்களும் எடுக்க வேண்டும், பழைய சலுகைகளை விட வேண்டும் என்றார். பந்து தடுக்க நிற்காமல் அடிக்க மட்டும் ஒருவரை வைத்திருக்கலாம் என்ற புது விதி உடனே நிறைவேறியது. அடுத்தது: ஒருவர் அடிக்க இன்னொருவர் ஓடுவது இனி இல்லை.

அணிக்கு ஒரு வாக்கு. இரண்டு அணிகள் இந்தத் தடை வேண்டும் என்றன, இரண்டு வேண்டாம் என்றன. மிச்சம் எங்கள் அணி. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

விதி என்றால் எல்லாருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்றேன். டெனிஷில், ஒரு பிழையும் இல்லாமல். பிறகு தடைக்கு ஆதரவாகக் கையை உயர்த்தினேன்.

மே 14, புதன்

அண்ணையிடம் சொன்னது இதுதான்: "அவங்கள் கெதியாய்க் கதைச்சாங்கள் அண்ணை, எனக்கு விளங்கேல்லை. வேறை ஏதோ எண்டு நினைச்சுக் கையைத் தூக்கிப்போட்டன்."

கேத்திலை அடுப்பில் வைத்தார். பிறகு எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். "பாஷை தெரியாத இடத்திலை நீ என்ன செய்வாய்? கவலைப்படாதை" என்றார்.

குடித்தேன். எப்படிக் குடிச்சனோ தெரியேல்லை.

மே 15

இன்றும் சொல்லவில்லை.

மே 18, ஞாயிறு

பெந்தெகொஸ்தே. தேவாலயத்தில், அந்நியர் பேசியதை அவரவர் தம் பாஷையில் கேட்டு விளங்கிக்கொண்ட வேத அதிகாரத்தை வாசித்தார்கள். நான் முன்வரிசையில் இருந்தேன். தலை நிமிரவில்லை.

மே 24, சனி

பின்னேரம் மைதானத்தில் அண்ணை நேரே பெண்டிடம் போனார். தனக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து டெனிஷ் சொற்களை வைத்துக்கொண்டு எனக்காகக் கதைத்தார்: ஜெபரட்ணத்துக்குப் பாஷை விளங்கவில்லை, அவன் தெரியாமல் கை தூக்கினான், அவனைக் குறை நினைக்க வேண்டாம், திரும்ப ஒரு முறை வாக்கெடுங்கள்.

பெண்ட் குழம்பிப்போய் என்னைப் பார்த்தார். அன்றைக்கு எல்லாரிலும் தெளிவாகப் பேசியவன் இவன்தானே, விதி எல்லாருக்கும் ஒன்று என்று சொன்னானே என்றார். அண்ணைக்கு விளங்க வேண்டும் என்று மெதுவாக, இரண்டு தரம் சொன்னார்.

அண்ணை என் பக்கம் திரும்பினார்.

"நல்லா விளங்கியிருக்கு உனக்கு."

அவ்வளவுதான். மட்டையை எங்கள் அணியில் ஆடும் மேல்மாடி வீட்டுக் கனகசபையிடம் கொடுத்துவிட்டு பஸ் தரிப்புக்கு நடந்தார். அந்தக் காலோடு. நான் பின்னால் போகவில்லை. ஏன் போகேல்லை? போய் என்னத்தைச் சொல்லுறது?

மே 26, திங்கள்

வேலையால் வந்து பார்த்தேன். சோறு ஓர் ஆளுக்கு மட்டும் வைத்துச் சாப்பிட்டிருக்கிறார்.

யூன் 8, ஞாயிறு

எல்லாவற்றையும் சொன்னேன். பத்திரிகைப் படம், எரிச்சல், பொய். அண்ணை இஸ்திரிப்பெட்டியால் சட்டை மினுக்கிக்கொண்டிருந்தார். கடைசி வரை கேட்டார். "நீ என்னை விழுத்தினது கூடப் பரவாயில்லை. அவனுக்கு முன்னாலை உனக்காகக் கெஞ்ச விட்டியே" என்றார்.

ஓம். விட்டேன்.

1987 மார்ச் 24, செவ்வாய்

ஆண்டுக் கூட்டம். நடக்க முடியாதவருக்கு இன்னொருவர் ஓடலாம் என்று ஒரு விதி சேர்க்கக் கேட்டேன். தொழில்முறை ஆட்டத்தில் இது இல்லை என்றார் பெண்ட். நாங்கள் யாரும் அதில் சம்பளம் எடுக்கவில்லையே என்றேன். போன வருடம் நீதானே வேண்டாம் என்றாய் என்று ஒருவர் கேட்டார்.

பொறாமைக்கு டெனிஷ் என்னவென்று கூட்டத்துக்கு முதல் நாளே அகராதியில் பார்த்து வைத்திருந்தேன். அந்தச் சொல்லைச் சொன்னேன். பெண்ட் கையிலிருந்த கடதாசியைப் பார்த்தபடியே இருந்தார். மற்றவர்களும் என் முகத்தைப் பார்க்கவில்லை. வாக்கு நாலுக்கு ஒன்று. நிறைவேறியது.

வீட்டுக்கு வந்து அண்ணையிடம் சொன்னேன். "அப்பிடியோ" என்றார்.

மே 9, சனி

இந்த வருடத்தின் முதல் ஆட்டம். அண்ணை வந்தார். மட்டையை எடுத்ததும், யார் ஓடுவது என்று பெண்ட் கேட்டார். நான் சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டு எழும்பிவிட்டேன்.

"கனகசபை ஓடட்டும்" என்றார் அண்ணை. கோபமாகச் சொல்லவில்லை.

திரும்பவும் வாங்கில் உட்கார்ந்தேன். மூன்றாவது பந்தை நன்றாக அடித்தார். கனகசபை பிந்தித்தான் கிளம்பினான், என்றாலும் போய்ச் சேர்ந்துவிட்டான். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணைக்குப் பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு தரிப்புக் கழிந்தது. யன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "இரன்" என்றார்.

இருந்தேன். அவர் பக்கத்தில்தான்.